மூக்குக்கு ஓர் ஆள்

வீட்டுத் தரகர்களுக்கு அவள் காலிவீட்டக்கா. ஒரு குடித்தனம் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அடுத்த குடித்தனம் வருவதற்குள் கிடைக்கிற இரண்டு மூன்று நாளில் வீட்டைத் தேய்த்துக் கழுவிக் கொடுப்பது அவள் தொழில். போகப் போக அந்தப் பெயரிலிருந்து காலிவீடு உதிர்ந்து வெறும் அக்கா மிஞ்சியது. அவளைவிடப் பத்து வயது மூத்த தரகர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, அந்த ஒரு நிமிடமும் படிக்கட்டின் மூலையில் அழுக்கைத் தேடுகிறவள் மாதிரி உற்றுப் பார்ப்பாள்.

காலி வீடு என்பது பேருக்குத்தான். ஆட்கள் போனாலும் அவர்கள் வாழ்ந்தது அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுப்புக்குப் பின்னால் சுவரில் நாலு வருடத்துப் பிசுக்கு. குளியலறைக் கண்ணாடியில் பற்பசைத் தெறிப்பு. குழாயின் கழுத்தைச் சுற்றி உப்புநீர் விட்டுப்போன வெள்ளைப் பொருக்கு. பாத்திரத் தொட்டிக்குக் கீழே, யாருக்கும் வேண்டாமல் விட்டுப்போன அரை பாட்டில், கால் பாட்டில் திரவங்கள். அந்தப் பாட்டில்கள்தான் அவள் கதையில் பெரும் பங்கு.

அக்காவைப் பொறுத்தவரை உலகத்து அழுக்கெல்லாம் இரண்டே கட்சி. ஒரு கட்சி புளிப்புக்கு அடங்கும், இன்னொன்று சோடாவுக்கு அடங்கும். குழாயில் தட்டிய உப்புப் பொருக்கு சுண்ணாம்பு இனம். லேசாக இருந்தால் எலுமிச்சை மூடி, கொஞ்சம் அழுத்தமென்றால் வினிகர், கழிப்பறைக் கோப்பையில் வருடக்கணக்கில் ஊறியது என்றால் ஆசிட். நுரைத்துக்கொண்டு கழன்று வரும். அடுப்படிப் பிசுக்கோ புளிப்பை மதிக்கவே மதிக்காது. அதற்குச் சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து அப்பி, ஒரு மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் இறங்காமல் அடைத்துக்கொண்ட குழாய்க்குக் காஸ்டிக் சோடா.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கெடுத்துத்தான் கற்றாள். தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு பெரிய வீட்டில், வாசல்படியில் பழுப்பேறியிருக்கிறதே என்று ஆசிட்டைத் தெளித்தாள். பால் பொங்குவது மாதிரி பொங்கியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டாள். துடைத்துப் பார்த்தால் அழுக்கோடு மினுமினுப்பும் போய், கல் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருந்தது. அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் தரைக்குக் கல் பதிக்கிறவர்.

"பளிங்குலயா ஆசிட் ஊத்துன?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பளிங்கே ஒரு வகைச் சுண்ணாம்புதானேடி. நீ கழுவல, கல்லைக் கரைச்சுட்டு வந்திருக்க."

அதற்கப்புறம் ஆறு மாதம் அந்தத் தெரு வழியாகக்கூட அவள் போகவில்லை.

பின்னாளில் அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. முப்பது வருடம் குந்தியே உட்கார்ந்து வேலை பார்த்த கால்கள். இப்போது வீட்டில் நாற்காலியோடு நாற்காலியாக இருந்தார். உட்கார்ந்தே இருந்ததில் வயிற்றில் புளிப்பு ஏறிக்கொண்டது. சாப்பிட்ட அரை மணியில் நெஞ்சு எரியும். அக்கா வேலைக்கென்று வாங்கி வைக்கிற சமையல் சோடாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டு, தெரு முனை வரை கேட்கிற மாதிரி ஓர் ஏப்பம் விடுவார். "குழாய்க்கும் எனக்கும் ஒரே வைத்தியம்" என்பார். தினமும் சோடா கூடாது, டாக்டரைப் பாருங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து போயிற்று.

அவளுக்கு அடி விழுந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். மூன்றாவது மாடி வீடு. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கழிப்பறையின் சின்ன ஜன்னலையும் சேர்த்து அடித்ததில் அது திறக்க வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் போகட்டும் என்று வீட்டுக்காரர் முந்தின நாளே கோப்பையிலும் தரையிலும் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயிண்ட் வாசனை மற்ற வாசனையை எல்லாம் அமுக்கியிருந்தது. வெள்ளைத் தரையில் வெள்ளைத் தூள். சுவர் உதிர்ந்து கிடக்கிறது என்று நினைத்து அவள் வழக்கம்போல ஆசிட்டைச் சாய்த்தாள்.

மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழுந்ததைப் பார்த்தாள். அதற்குள் தொண்டையை யாரோ பிடித்து முறுக்கினார்கள். கண் தெரியவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே காவல்காரர் பார்த்து ஆட்டோ பிடித்தார். மூன்று நாள் மருத்துவமனை. நெஞ்சு தேறியது. இருமல் இரண்டு மாதத்தில் நின்றது.

மூக்குதான் போனது என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் அடிப்பிடித்துப் பாத்திரம் கருகிக்கொண்டிருக்கிறது, அவள் பக்கத்திலேயே நின்று காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கணவர் உள்ளறையிலிருந்து, "ஏண்டி, வீடு பத்திக்கிச்சா?" என்று கத்தினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள நரம்பு பொசுங்கியிருக்கு. வரலாம், வராமலும் போகலாம்" என்றார். வரவில்லை. நாக்கு மட்டும் இது உப்பு, இது புளிப்பு, இது கசப்பு என்று மொட்டையாகச் சொல்லும். அதற்குமேல் எந்தச் சாப்பாட்டிலும் ஒன்றும் இல்லை.

சாப்பாடு போகட்டும். தொழிலுக்கு என்ன செய்வது? முன்பெல்லாம் காலி வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே மூச்சை இழுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இங்கே ப்ளீச் போட்டிருக்கிறார்கள், அங்கே ஏதோ அமோனியா சமாச்சாரம் சிந்தியிருக்கிறது, இந்தப் பாட்டில் ஆசிட், அதைத் தள்ளி வை. இப்போது எல்லாப் பாட்டிலும் தண்ணீர் மாதிரி இருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயேன்" என்றார் கணவர். "வீட்ல உக்காந்து என் உசுரைத்தானே எடுக்குறா."

தங்கச்சி என்றது அவருடைய கூடப்பிறந்த தங்கையை. புருஷன் இன்னொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பத்து நாள் இரண்டு வருடமாகியிருந்தது. காலையில் கண் திறந்ததும் பேச ஆரம்பித்தால், படுக்கும்போதுதான் வாயை மூடுவாள். அண்ணன் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார். அதிலும் நிறுத்த பட்டன் இல்லாத ரேடியோ. அக்காவுக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஒரு வேலைக்கும் வணங்கமாட்டாள், ஒன்றரை ஆள் சாப்பாடு சாப்பிடுவாள் என்பது அக்காவின் மனக்குறை. ஆனால் அந்த மூக்கைக் குறை சொல்ல முடியாது. எதிர்வீட்டில் எண்ணெய் காய்ந்தால் இங்கிருந்தே என்ன எண்ணெய் என்று சொல்லுவாள். பாட்டில் மூடியைத் திறக்கும் முன்பே முகத்தைச் சுளிப்பாள்.

இப்படியாக ரேடியோ வேலையில் சேர்ந்தாள். கதவைத் திறந்ததும் முதலில் அவள்தான் உள்ளே தலையை நீட்டுவாள். "அண்ணி, குளிக்கிற ரூம்ல ப்ளீச்சு. நேத்து போட்டிருக்காங்க. முதல்ல தண்ணி அடிச்சு விடுங்க, ஆசிட்டைத் தொடாதீங்க." அக்கா ஜன்னலைத் திறப்பாள், கழுவுவாள். ரேடியோ நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பேசுவாள், பேசுவாள், பேசிக்கொண்டே இருப்பாள். ஒருதரம் ஒரு வீட்டுக்காரர் குழாய் அடைப்பு நீக்கும் டப்பாவைக் காட்டி, "பாத்து எடுங்க, இது கடுமையான காரம்" என்றார். ரேடியோ சட்டென்று, "நாக்குல வச்சுப் பாத்தீங்களா சார்?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லாத கறையைத் தேய்த்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

அப்படியே ஐந்து வருடம் ஓடியது. இருவருக்கும் நடுவே பிரியம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வருடம் மழை விட்ட கையோடு ஊரையே படுக்கப்போட்ட காய்ச்சலில் ரேடியோவும் பத்து நாள் படுத்தாள். எழுந்து வந்தபோது முகம் வற்றிப் போயிருந்தது, பேச்சும் கொஞ்சம் குறைந்திருந்தது. காய்ச்சல் அலுப்பு என்று அக்கா நினைத்துக்கொண்டாள். மற்றபடி வேலை பழையபடிதான் நடந்தது. கதவைத் திறந்ததும் ரேடியோ தலையை நீட்டுவாள், மூச்சை இழுப்பாள், தீர்ப்பு சொல்லுவாள். அக்கா உள்ளே போவாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நண்பகல், இரண்டாவது மாடியில் ஒரு வீடு. நல்ல வெயில். மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை, எந்தக் குழாயைத் திருகினாலும் காற்றுதான் வந்தது. மோட்டார் போடச் சொல்லலாமென்று காவல்காரரைத் தேடினார்கள், அவர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா அதுவரை சும்மா நிற்பானேன் என்று சமையலறை அலமாரிகளைத் திறந்துவிட்டாள். மசாலா டப்பாக்கள் இருந்த தட்டில் மஞ்சள்தூள் கொட்டிப் பரவி, பலகையில் ஊறிப் போயிருந்தது. பாத்திரத் தொட்டிக்கு அடியில் குடிதண்ணீர் பாட்டில் ஒன்று, முக்கால்வாசி நிறைந்து, நிறமில்லாமல் தெளிவாக இருந்தது.

"இது என்னன்னு பாரு" என்று எடுத்துக் கொடுத்தாள்.

ரேடியோ மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய் இழுத்தாள். "வெறும் தண்ணி அண்ணி."

"நல்லாப் பாத்தியா?"

"தண்ணிதான். குடிச்ச மிச்சத்தை வச்சுட்டுப் போயிருக்காங்க."

அக்கா அதில் கொஞ்சம் பழந்துணியில் ஊற்றிக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். ரேடியோ பாட்டிலோடு குளியலறைப் பக்கம் போனாள். வேர்வையில் முகமெல்லாம் பிசுபிசுக்கிறது, மிச்சத்தில் முகத்தைக் கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். அக்கா தட்டைத் துடைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தாள்.

மஞ்சள் சிவந்தது. வெற்றிலை போட்ட வாய் மாதிரி, ரத்தம் மாதிரி, துணி போன வழியெல்லாம் சிவப்பு. ஒரு கணம் தன் விரலை அறுத்துக்கொண்டோமோ என்று கையைப் பார்த்தாள். காயம் இல்லை. ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கின. சோப்பே போடாத கையில் சோப்பு வழவழப்பு. அவளுக்குப் புரிந்துவிட்டது. குழாய்க்கு ஊற்றுவதற்காக யாரோ காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் தண்ணீர் பாட்டிலில் வைத்திருக்கிறார்கள்.

எப்படி ஓடினாள் என்று தெரியாது. முழங்கால் கதவில் இடித்தது அப்புறம்தான் தெரிந்தது. குளியலறையில் ரேடியோ உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, பாட்டிலைச் சாய்க்கப் போகிறாள். குனிந்த முகம். "போடுடி அதை!" என்று அக்கா பாட்டிலை ஓங்கி அறைந்தாள். அது சுவரில் மோதி, தரையில் விழுந்து, இருந்ததெல்லாம் ரேடியோவின் வெறும் பாதங்களில் கொட்டியது.

"என்ன அண்ணி! என்ன ஆச்சு?"

"காஸ்டிக்குடி! வா, வா, நிக்காத!"

குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். கதவைத் தட்டவில்லை, இடித்தாள். திறந்தது பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிற ட்யூஷன் டீச்சர். கையில் சிவப்புப் பேனா. "தண்ணி வேணும்மா, கால்ல காஸ்டிக் சோடா கொட்டிருச்சு" என்றதும் அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் குளியலறையைக் காட்டினாள். நல்லவேளை, அவர்கள் வீட்டுக்குத் தனித் தொட்டி. அக்கா ரேடியோவைக் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார வைத்து, குழாயை முழுக்கத் திருகி, இரண்டு பாதங்களையும் அதற்கடியில் பிடித்தாள். நடுநடுவே தன் கையையும் நீட்டிக் கழுவிக்கொண்டாள்.

டீச்சர் எலுமிச்சம்பழத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இதைப் பிழிஞ்சு விடுங்க. அது காரம், இது அமிலம். ரெண்டும் சேர்ந்தா உப்பும் தண்ணியுமா ஆயிடும்."

"வேணாம்மா."

"நான் பாடமே எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"புத்தகத்துல நீங்க சொல்றது சரிதாம்மா" என்றாள் அக்கா, பாதத்தை விடாமல். "ரெண்டும் சேரும்போது சூடு கிளம்பும் பாருங்க, அது இவ தோல்ல கிளம்பும். தண்ணி போதும். தண்ணி மட்டும் நிக்காம இருந்தா போதும்."

டீச்சர் ஒரு நொடி யோசித்தாள். பிறகு எலுமிச்சை மூடிகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஆட்டோ கூப்பிடப் போனாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ரேடியோ தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை சிவந்து, விரல் இடுக்குகளில் வெளுத்துக் கொழகொழவென்று ஆகியிருந்தன. அவள் அழ ஆரம்பித்தாள். வலியில் அழுகிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"எல்லாம் என்னாலதான் அண்ணி."

"எவன் அதை தண்ணி பாட்டில்ல வச்சானோ அவனாலடி."

"இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு மூக்கே இல்ல அண்ணி. காய்ச்சல்லேயே போயிடுச்சு."

அக்காவின் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடியது.

"எப்பலேந்து?"

"எந்திரிச்ச அன்னைலேந்து. வந்துரும் வந்துரும்னு பாத்தேன். வரல."

"அப்ப இத்தனை நாளு கதவுகிட்ட நின்னு மூச்சை இழுத்து இழுத்து சொன்னியே?"

"உங்க மூஞ்சியைப் பாத்துதான் சொன்னேன்." ரேடியோ மூக்கைச் சிந்தினாள். "நீங்க எந்த பாட்டிலை சந்தேகமா பாக்குறீங்களோ அதை ஆசிட்டும்பேன். நீங்க சாதாரணமா பாத்தா ஒண்ணுமில்லைம்பேன். இன்னிக்கு நீங்க சாதாரணமாத்தான் கொடுத்தீங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் கழுவிய வீடுகள் ஒவ்வொன்றாக மனசில் வந்தன. ஜன்னலே இல்லாத அந்தக் குளியலறை. ப்ளீச் டப்பாவும் ஆசிட் பாட்டிலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்ற அந்த அலமாரி. தரையெல்லாம் ஏதோ தூள் இறைந்து கிடந்த அந்த மொட்டைமாடி அறை. எல்லாவற்றிலும் இவள் வாசலில் நின்று, "சரியா இருக்கு, போங்க" என்றிருக்கிறாள். மூக்கில்லாத இரண்டு பேர், ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்து, மற்றவள் இவள் வாயைக் கேட்டு, வீடு வீடாகப் போய் வந்திருக்கிறார்கள்.

"ஏண்டி சொல்லல?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சொன்னா என்னை வீட்லயே விட்டுட்டுப் போயிருப்பீங்க. மூக்குக்குத்தானே என்னைக் கூட்டிட்டுப் போறீங்க. அதுவும் இல்லேன்னா அந்த வீட்ல நான் எதுக்கு?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் என்று இருவருக்குமே தெரிந்திருக்கும். அவளுக்கு அலுப்பாக இருந்தது. இடித்த முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பாதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே, "உன் மூக்கு நல்லா இருந்திருந்தாலும் இன்னிக்குப் பிரயோஜனம் இல்லடி" என்றாள். "காஸ்டிக் தண்ணிக்கு வாசனையே கிடையாது. நாயைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் தண்ணின்னுதான் நினைக்கும்."

ரேடியோ அழுகையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என் தப்பு இல்லியா?"

"இன்னிக்கு இல்ல. மத்த நாளெல்லாம் உன் தப்புதான்."

நெடுநேரம் கழுவினது நல்லதாயிற்று என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இடது பாதத்தில் இரண்டு விரல் இடுக்கில் மட்டும் புண் ஆழம். மூன்று வாரம் நடக்கக் கூடாது. வீட்டில் கணவர் கட்டுப் போட்ட கால்களைப் பார்த்துவிட்டு, "இப்ப நாற்காலிக்கு சண்டை போட வேண்டியதுதான்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவர் சோடா கரைத்துக் குடிக்கவில்லை. அந்த டப்பாவைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். மறுவாரம் தானாகவே டாக்டரைப் பார்க்கப் போனார்.

அக்காவின் கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. வேலைக்குப் போகிற வழியில், பாத்திரம் கழுவும்போது, எதிர்பாராத நேரத்தில் எல்லாம் வந்தது. செத்திருப்பேனே என்று நினைப்பாள். ரேடியோவோடு நாலு நாள் பேசவில்லை. ரேடியோவும் பேசவில்லை என்பதுதான் அதிசயம். வீடு காது அடைத்த மாதிரி இருந்தது.

அந்த மூன்று வாரமும் அவள் தனியாகத்தான் போனாள். மூக்கை நம்பி இனி ஆகாது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். வெள்ளைத் துணியில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவைத்து, உள்ளங்கையளவு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டாள். கூடவே ஒரு சுண்ணாம்புக்கட்டி. பெயர் இல்லாத பாட்டில் என்றால் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து மஞ்சள் துணியில் வைப்பாள். சிவந்து அப்படியே நின்றால் காஸ்டிக், சோடா வகையறா. சிவந்து பிறகு வெளுத்துப்போனால் ப்ளீச். துணி சும்மா இருந்து, சுண்ணாம்புக்கட்டியில் நுரைத்தால் ஆசிட். எதற்குமே அசையாததைத்தான் அதிகம் சந்தேகப்பட்டாள். எல்லா ஜன்னலையும் திறக்காமல் வாளியைக் கீழே வைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு திரவம்தான். ஆசிட் ஊற்றுகிற நாளில் வேறெதையும் தொடுவதில்லை.

இதனால் வேலை இழுத்தது. ஒரு நாளில் முடிவது இரண்டு நாளாயிற்று. தரகர் வந்து பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

"என்னக்கா இது, வீடு கழுவறீங்களா, ஆராய்ச்சி பண்றீங்களா?"

"குடித்தனக்காரங்க விட்டுட்டுப் போற பாட்டிலையெல்லாம் நீங்களே எடுத்துப் போட்டுட்டு சாவி கொடுங்க. அன்னிக்கே முடிச்சுத் தரேன்."

"அது என் வேலையாக்கா?"

"அப்ப ரெண்டு நாளு ஆகும்."

இரண்டு தரகர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

தனியாக இருந்ததில் ஒன்று அவளுக்கு உறைத்தது. ஒருநாள் ஐந்தாவது மாடியில், ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள். கூரையில் ஓர் ஒட்டடை ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை இப்படியே கிடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை என்று தோன்றியது. அதில் பயமாக ஒன்றும் இல்லை. படுத்திருப்பது சுகமாகக்கூட இருந்தது. அந்தச் சுகம்தான் அவளை உலுக்கி எழுப்பிவிட்டது.

அன்று சாப்பிடும்போது ரேடியோவிடம் கேட்டாள். "கால் ஆறிடுச்சில்ல? நாளைக்கு வர்றியா?"

"நான் வந்து என்ன பண்ண அண்ணி?"

"ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தி விழுந்தா இன்னொருத்தி இழுத்துப் போடலாம்."

"அவ்வளவுதானா?"

"பாதி வீட்டை நீ தேய்க்கணும். வாசல்ல நின்னு அதிகாரம் பண்றதெல்லாம் இனிமே கிடையாது."

ரேடியோ தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "தேய்க்கறேன். ஆனா பேசிக்கிட்டேதான் தேய்ப்பேன்."

"அதை யாரு நிறுத்த முடியும்" என்றார் கணவர்.

முதல் வாரம் அவள் தேய்த்த இடத்தையெல்லாம் அக்கா ரகசியமாக மறுபடி தேய்த்தாள். இரண்டாவது மாதம் அந்த அவசியம் இல்லை. ரேடியோவுக்கு உள்ளங்கை காய்த்துப் போயிற்று. இப்போதெல்லாம் ஒன்றரை ஆள் சாப்பாட்டை அக்கா கணக்குப் பார்ப்பதில்லை. அந்த வாய் இப்போது ஒன்றரை ஆள் வேலையும் செய்கிறது.

காய்ச்சல் வந்து ஆறேழு மாதம் கழித்து ரேடியோவின் மூக்கு திரும்ப ஆரம்பித்தது. நேராக வரவில்லை. முதலில் எல்லாமே ரப்பர் கருகுகிற மாதிரி இருந்தது, சோறும் சோப்பும் ஒரே நாற்றம். பிறகு ஒவ்வொன்றாக விலகி, அதது அததுவாக வந்தது. ஆனாலும் இருவரும் மஞ்சள் துணியை விடவில்லை.

ஒரு நாள் மத்தியானம், ஒரு காலி வீட்டின் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோ பேச்சை நிறுத்தி, அக்காவின் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்தாள்.

"உங்க மேல ப்ளீச்சு வாசம் அண்ணி."

"இன்னிக்கு ப்ளீச்சே எடுக்கலியே."

"இன்னிக்கு இல்ல. எப்பவுமே இருக்கும். தலையில, துணியில, எல்லாத்துலயும். நான் வந்த புதுசுலேந்தே இருக்கு."

"எப்பவுமேவா? இத்தனை வருஷமாவா?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

பேருந்தில் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தவர்களை அக்கா நினைத்துப் பார்த்தாள். கல்யாண வீட்டில் கட்டியணைத்துவிட்டுச் சட்டென்று விலகிய ஓர்ப்படியை நினைத்தாள். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்போல. முழங்கையை மடக்கி மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. காற்றுதான்.

"ரொம்ப மோசமா இருக்கா?"

"பழகிடுச்சு அண்ணி" என்றாள் ரேடியோ, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே. "எனக்கு மூக்கு திரும்பினப்ப முதல்ல சரியா தெரிஞ்சது அதுதான். அப்பாடா, அண்ணி பக்கத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சுது."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் இரண்டு குளியலறை பாக்கி இருந்தது.